வளைத்துப் பார்த்தபின் பேசுவோம்

கத்திகளை ரசிக்கிறேன் என்று இலக்கிய நண்பர்களிடம் சொன்னால் மூன்று விதமான பதில்கள் வரும். முதலாமவர் முகத்தைச் சுளிப்பார்: “கத்தியா? அது வன்முறைங்க.” இரண்டாமவர் விலையைக் கேட்பார். கேட்டுவிட்டு, “முந்நூறு டாலரா? எங்க வீட்டுல அம்பது ரூபா கத்தி பத்து வருஷமா வெட்டுது” என்பார். மூன்றாமவர் கண்ணை மூடி உருகுவார்: “கைவினைஞனோட ஆன்மா அந்த இரும்புல இறங்கியிருக்கு, இல்லையா?”

முதல் இருவரோடும் பேசலாம். அவர்களிடம் சண்டை போட ஒரு கருத்தாவது இருக்கிறது. இந்தக் கட்டுரை மூன்றாமவருக்கு எதிரானது. நம் பக்கம் நிற்பதுபோலத் தெரிவதால் அவரை யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் ரசனையைக் கெடுப்பவர் அவர்தான்.

நான் பேசுவது அமெரிக்காவின் சிறு பட்டறைகளிலிருந்து வரும் மடங்காத கத்திகளைப் பற்றி. தோல் உறையில் போட்டு இடுப்பில் மாட்டிக்கொள்ளும் ரகம். மான் உரிக்க, மீன் சுத்தம் செய்ய, விறகைச் சுள்ளியாகச் சீவ, காட்டு முகாமில் வெங்காயம் நறுக்க என்று எல்லாவற்றுக்கும் ஒன்று. பட்டறையில் ஒரே ஆள் இருப்பார், அல்லது பத்துப் பதினைந்து பேர். அவர்களுடைய கத்திகளை ரசிக்கத் தெரிந்துகொள்வது என்றால், ஒரு பொருளை எப்படி மதிப்பிடுவது என்று தெரிந்துகொள்வது. அவர்கள் அதற்கு ஒரு கறாரான முறையே வைத்திருக்கிறார்கள்.

*

மேரிலாந்து மாநிலத்துக் கொல்லர் பில் மோரன் 1976இல் அமெரிக்கன் பிளேட்ஸ்மித் சொசைட்டியைத் தொடங்கினார். உலையில் காய்ச்சி அடித்துக் கத்தி செய்பவர்களின் சங்கம் அது. அன்றைக்கு அமெரிக்காவில் அப்படிச் செய்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மோரன் அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, 1973இல், பல அடுக்கு இரும்பைக் காய்ச்சி இணைத்த டமாஸ்கஸ் அலகுகளைக் காட்சிக்கு வைத்திருந்தார். பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். அவர் நினைத்திருந்தால் அதைக் குலரகசியமாக வைத்துக்கொண்டு காசு பார்த்திருக்கலாம். கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தார்.

சொல்லிக்கொடுத்ததோடு விட்டிருந்தால் அது ஒரு நல்ல மனிதரின் கதை, அவ்வளவுதான். ஆனால் சங்கம் ஒரு தேர்வையும் வைத்தது. அதன் முதல் பட்டத்துக்கு நீங்களே அடித்த கத்தி ஒன்றோடு ஒரு மாஸ்டர் கொல்லரின் முன் போய் நிற்க வேண்டும். அலகு பத்து அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. முதலில், மேலிருந்து சும்மா தொங்கும் ஒரு அங்குலத் தடிமன் கயிற்றை ஒரே வீச்சில் துண்டாக்க வேண்டும். பிறகு, வீடு கட்டப் பயன்படும் இரண்டுக்கு நாலு மரச்சட்டத்தை இரண்டு முறை வெட்டித் துண்டாக்க வேண்டும். அதே கத்தியால், நடுவில் தீட்டாமல், கை மயிரை மழிக்க வேண்டும். கடைசியாக அலகை வைஸில் இறுக்கி, ஒரு குழாயை மாட்டி, 90 டிகிரிக்கு வளைக்க வேண்டும். ஓரத்தில் கொஞ்சம் விரிசல் விட்டால் மன்னிப்பு உண்டு. முறிந்தால் வீட்டுக்குப் போகலாம்.

தேர்வில் ஜெயித்த கத்தி மிஞ்சாது என்பதைக் கவனியுங்கள். வளைந்துபோன அந்த இரும்பை யாரும் விலைக்கு வாங்க மாட்டார்கள்.

இந்த வரிசைக்கு ஒரு காரணம் இருக்கிறது. எஃகை ஏறக்குறைய 800 டிகிரி செல்சியஸுக்குக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தால் அது கடினமாகும். கூடவே கண்ணாடிபோல நொறுங்கவும் செய்யும். மறுபடி 200 டிகிரி அளவில் மெதுவாகச் சூடாக்கிப் பதம் செய்தால் கொஞ்சம் கடினத்தை இழந்து கொஞ்சம் உறுதியைப் பெறும். கத்தி செய்வது முழுக்க இந்தப் பேரம்தான். அதிகக் கடினமாக விட்டால் கயிறு அறும், மயிர் மழியும், வைஸில் ‘டப்’ என்று முறியும். பயந்துபோய் மெதுவாக்கினால் வைஸில் அழகாக வளையும், ஆனால் மரத்தை வெட்டியதும் கூர் மழுங்கியிருக்கும், மயிர் மழியாது. ஆகவே கூரைக் கடினமாகவும் முதுகை மென்மையாகவும் ஒரே இரும்பில் கொண்டுவந்தாக வேண்டும். முதல் சோதனையை ஏமாற்றியவனை நான்காவது பிடிக்கும். நான்காவதை ஏமாற்ற நினைப்பவனை மூன்றாவது பிடிக்கும்.

ஒரு ஆட்சேபம் வரும்: மான் உரிக்கிற கத்தியை யார் 90 டிகிரிக்கு வளைக்கப்போகிறார்கள்? யாரும் இல்லை. அது கத்திக்கு வைத்த தேர்வு அல்ல, கொல்லருக்கு வைத்த தேர்வு. தீயை அவர் ஆள்கிறாரா, தீ அவரை ஆள்கிறதா என்பதுதான் கேள்வி. ‘ஆன்மா’வுக்கு இந்தத் தேர்வில் மதிப்பெண் கிடையாது.

*

உருகும் நண்பருக்கு இன்னொரு ஏமாற்றமும் காத்திருக்கிறது. இருபதாம் நூற்றாண்டு அமெரிக்கக் கத்தியின் வடிவத்தை அதிகம் மாற்றியவர் பாப் லவ்லெஸ். கலிஃபோர்னியாவின் ரிவர்சைடில் வேலை செய்து 2010இல் இறந்தார். அவருக்குப் புகழ் தந்த கத்திகள் உலையில் அடித்தவை அல்ல. ஆலையிலிருந்து வந்த எஃகுப் பட்டையை வெட்டி, மின்சாரத்தில் ஓடும் சாணைப் பெல்ட்டில் இழைத்து எடுத்தவை. சம்மட்டி கிடையாது, தீப்பொறி பறக்கும் காவியக் காட்சி கிடையாது. “அப்போ அது கைவேலையே இல்லையே!” ஆமாம், அதனால் என்ன? இன்றைய ஆலை எஃகு உருட்டப்பட்டே வருகிறது. சரியாகப் பதமிட்ட இரண்டு கத்திகளில் எது அடித்தது, எது இழைத்தது என்று தக்காளிக்குத் தெரியாது.

லவ்லெஸ் கொண்டுவந்தவை முடிவுகள். முனையை முதுகின் கோட்டிலிருந்து மெல்லக் கீழிறக்கினார். மானின் வயிற்றுத் தோலைக் கிழிக்கும்போது மேல்நோக்கிய முனை குடலைக் குத்திவிடும், கறி கெட்டுவிடும். கீழிறங்கிய முனை குத்தாது. பிடிக்குள் ஓடும் இரும்பைப் பின்பக்கம் போகப்போக மெலிதாக்கினார். எடை குறைந்து, கத்தியின் சமநிலை ஆள்காட்டி விரலுக்கு வந்தது. துருவைத் தாங்கும் 154சிஎம் என்ற எஃகை 1970களில் கத்திக்குக் கொண்டுவந்தார். ஒவ்வொன்றுக்கும் ‘ஏன்’ என்று கேட்கலாம், ஒவ்வொன்றுக்கும் பதில் இருக்கிறது. இன்று உலகம் முழுக்க வேட்டைக் கத்தி என்றாலே அந்தக் கீழிறங்கிய முனைதான்.

அவர் இந்தத் தொழிலுக்கு வந்த கதையும் இதையே சொல்கிறது. 1950களில், கப்பலில் வேலை பார்த்த காலத்தில், நியூயார்க்கில் ஒரு ராண்டால் கத்தி வாங்கப் போனாராம். ஒன்பது மாதம் காத்திருக்க வேண்டும் என்றார்களாம். போங்கடா என்று பழைய கார் ஸ்பிரிங் பட்டையை எடுத்துத் தானே ஒன்று செய்துகொண்டாராம். அந்த ராண்டால்? ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோக்காரர். 1930களில் மிச்சிகனில் ஒரு ஏரிக்கரையில், யாரோ ஒருவர் படகின் பெயின்ட்டைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். அவ்வளவு சுரண்டியும் கூர் போகவில்லை. அது வில்லியம் ஸ்கேகல் என்ற ஒதுங்கி வாழ்ந்த மிச்சிகன் கொல்லர் செய்தது. ராண்டால் அதை விலைக்கு வாங்கி, பார்த்துப் பார்த்துத் தானும் செய்ய ஆரம்பித்தார். ஒரு முழு மரபின் தொடக்கம், ஒரு நல்ல கத்தியை ஒருவர் கன்னாபின்னாவென்று பயன்படுத்தியதில் இருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தக் கத்தி இருந்திருந்தால் ராண்டால் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுப் போயிருப்பார்.

*

இப்போது விலை கேட்டவருக்கு வருகிறேன். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அவர் நினைப்பதைவிட அதிகமாகவே. ஸ்வீடனின் மோரா கத்தி 20 டாலர் அளவில் கிடைக்கிறது. மெல்லிய அலகு, பிளாஸ்டிக் பிடி, அற்புதமாக வெட்டும். அதைவிட மோசமாக வெட்டும் 400 டாலர் கத்திகள் அமெரிக்காவில் ஏராளம். விறகின் மேல் கத்தியை வைத்துக் கட்டையால் அடித்துப் பிளப்பதை வீடியோவில் பார்த்து மயங்கியவர்களுக்காக, ஆறு மில்லிமீட்டர் தடிமனில் அலகு செய்து விற்கிறார்கள். அது கத்தி இல்லை, கூர்வைத்த கடப்பாரை. ஆப்பிளை நறுக்கப் போனால் ஆப்பிள் பிளக்கும், நறுங்காது. செய்தவர் பெயர் பொறித்திருப்பதாலேயே அதைப் புகழ்வது, கவிஞரைத் தெரியும் என்பதற்காகக் கவிதையைப் புகழ்வதற்குச் சமம்.

எஃகின் பெயரை ஜெபம் செய்பவர்களும் இதே கூட்டம்தான். “த்ரீவி இருக்கா? மேக்னாகட் இருக்கா?” என்பார்கள். மேக்னாகட் நிஜமாகவே நல்ல எஃகு. லாரின் தாமஸ் என்ற உலோகவியலாளர் வடிவமைத்து 2021இல் வந்தது. எளிதில் துருவும் பிடிக்காது, உடையவும் செய்யாது. ஆனால் அவரிடமிருந்து கற்க வேண்டியது அந்தப் பெயரை அல்ல. ஒரே அளவில் வெட்டிய எஃகுத் துண்டுகளை வெவ்வேறு வெப்பத்தில் பதமிட்டு, ஊசல் சுத்தியலால் உடைத்து, முடிவுகளை வரைபடமாக்கி, யார் வேண்டுமானாலும் படிக்கட்டும் என்று பொதுவில் வைத்தார். மோரன் செய்ததன் தொடர்ச்சி இது. எவ்வளவு நல்ல எஃகானாலும் வடிவம் தப்பினால் வெட்டாது, பதம் தப்பினால் நிற்காது.

சரி, மோராவுக்கு மேல் கொடுக்கும் அந்தக் காசுக்கு என்ன கிடைக்கிறது? நல்ல சிறு பட்டறைக் கத்தி ஒன்று கையில் கிடைத்தால் இப்படிப் பாருங்கள். கூரை வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். கூர் ஒளியைத் திருப்பக் கூடாது. எங்காவது மினுங்கினால் அங்கே மழுங்கல். அலகு பிடியோடு சேரும் இடத்தில் சாணை தொடங்கிய கோடு இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் இருக்கிறதா? மரமும் இரும்பும் சேரும் இடத்தில் நகம் மாட்டுகிறதா? பிறகு அரைமணி நேரம் ஒரு குச்சியைச் சீவுங்கள். உள்ளங்கையில் எங்காவது சூடாக உறுத்தினால் அந்தப் பிடி தோற்றது. இத்தனையிலும் தேறிய கத்தி ஒரு ஆயுசுக்கு வரும். தேறாவிட்டால் யாரைக் கேட்பது என்பது அலகிலேயே எழுதியிருக்கிறது. அந்தக் காசு இதற்குத்தான். இது உங்களுக்குத் தேவையில்லை என்றால் மோரா வாங்குங்கள், ஒரு குறையும் இல்லை.

*

வன்முறை என்றவருக்கும் ஒரு வார்த்தை. இந்த மரபில் ரத்தம் இருக்கிறது, துடைத்துக் காட்ட வேண்டியதில்லை. ஜேம்ஸ் போவியின் கத்தி புகழடைந்ததே 1827இல் மிசிசிப்பி ஆற்று மணல்திட்டில் நடந்த ஒரு கைகலப்பில். ராண்டால் பட்டறை பேரெடுத்தது இரண்டாம் உலகப்போருக்குப் போன சிப்பாய்களின் இடுப்பில். அது தெரிந்துதான் ரசிக்க வேண்டும். ஆனால் பிளாஸ்டிக் தாளில் சுற்றிய கறியை வாங்குபவர், தன் மானைத் தானே உரிக்கும் மிச்சிகன்காரரைப் பார்த்து முகம் சுளிப்பதற்குமுன் கொஞ்சம் யோசிக்கலாம்.

நமக்கும் இந்தக் கதையில் ஒரு இடம் உண்டு. தென்னிந்தியாவில் களிமண் மூசையில் உருக்கிய எஃகு மேற்காசியாவுக்குப் போய் டமாஸ்கஸ் வாளானது. ஐரோப்பியர் அதை ‘வூட்ஸ்’ என்றார்கள். நம் பக்கத்து ‘உக்கு’, ‘உருக்கு’ என்ற சொற்களின் திரிபு அது என்பார்கள். மேல்சிறுவளூரில் மூசைத் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. இதைப் பற்றி நம்மாட்கள் சமூக ஊடகத்தில் போடும் பதிவுகளில் மார்தட்டல் இருக்கும், கரி எவ்வளவு என்பது மட்டும் இருக்காது. (சுமார் ஒன்றரை சதவீதம்.) அந்த வாள்களின் நீரலைக் கோடுகள் எப்படி வந்தன என்பதை, ஃபுளோரிடாவில் குதிரைக்கு லாடம் கட்டிக்கொண்டிருந்த ஆல்ஃபிரட் பென்ட்ரே, ஜான் வெர்ஹோவன் என்ற பேராசிரியரோடு சேர்ந்து, மூசை மூசையாக உருக்கிப் பார்த்துக் கண்டுபிடித்தார். 1998இல் அவர்கள் எழுதிய கட்டுரை, தாதுவில் இருந்த மிகச்சிறிய அளவு வனேடியம் போன்ற கலப்புகளைக் காரணமாகக் காட்டியது.  பெருமைப்பட்டவர்கள் நாம். ரசித்தவர் அந்த லாடக்காரர்.

*

கத்தியை வாங்கிப் பெட்டகத்தில் பூட்டிவைப்பவரையும் இதே தட்டில்தான் வைப்பேன். லவ்லெஸ் கத்திகள் இன்று பல ஆயிரம் டாலருக்குக் கைமாறுகின்றன. வாங்குபவர் உறையிலிருந்து எடுக்கவே பயப்படுகிறார், கைரேகை பட்டால் விலை குறையுமாம். குடலைக் குத்தாத முனை, குடலையே பார்க்காமல் கிடக்கிறது. ஆன்மா என்று உருகுபவரும் விலைச்சீட்டைப் பார்ப்பவரும் வேறுவேறு ஆட்கள்போலத் தெரிந்தாலும், இருவரும் செய்வது ஒன்றுதான். கத்தியை வெட்ட விடாமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

இதையெல்லாம் இலக்கிய இதழில் எதற்கு எழுதுகிறாய் என்று கேட்கலாம். நம் வெளியீட்டு விழா மேடைகளை நினைத்துப் பாருங்கள். ‘ஆன்மா’, ‘வலி’, ‘மண்ணின் வாசனை’ என்று பேசுவோம். கயிறு அறுந்ததா, மரத்தை வெட்டிய பிறகும் கூர் நின்றதா என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் பொறாமைக்காரன். அந்த அமெரிக்கக் கொல்லரோ மூன்று வருடம் உழைத்துச் செய்யக் கற்ற பொருளைத் தானே வைஸில் மாட்டி, அடுத்தவர் முன்னால், தன் கையாலேயே வளைக்கிறார். முறிந்தால் குனிந்து துண்டைப் பொறுக்கிக்கொண்டு, மறுபடி உலையை மூட்டப் போகிறார். ஆன்மாவைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை.