எண்ணூரிலிருந்து குன்றுக்கு

திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் வளரும் பிள்ளைகள் அலையை அறிவர். ஆலைச் சங்கொலியை அறிவர். சாலையை அடைத்து நிற்கும் சரக்குப் பெட்டக லாரிகளை அறிவர். மலையைப் பெரும்பாலோர் திரையில்தான் கண்டிருக்கின்றனர். அனல்மின் நிலையத்திற்காகக் கொட்டப்பட்ட நிலக்கரிக் குவியலே அவர்தம் கண்ணுக்கெட்டும் உயரம். வார இறுதி மலையேற்றம் கணினித் துறையினரின் பொழுதுபோக்கு என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. அதனை ஏற்பதற்கில்லை.

மறுப்போர் முதலில் சுட்டுவது குரங்கணியை. அது எளிதில் ஒதுக்கத்தக்க வாதமன்று. 2018 மார்ச் 11 அன்று, தேனி மாவட்டம் போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலைச்சரிவில் பரவிய காட்டுத்தீயில், சென்னையிலிருந்தும் கொங்குப் பகுதியிலிருந்தும் விடுமுறைக்குச் சென்றிருந்தோர் சிக்கினர். 23 உயிர்கள் பறிபோயின. அவர்கள் சென்ற பாதைக்கு உரிய அனுமதி பெறப்படவில்லை என வனத்துறை தெரிவித்தது. மார்ச்சில் சரிவெங்கும் புல் காய்ந்து கிடக்கும். சரிவில் பற்றிய தீயின் சுடர் மேல்நோக்கிச் சாய்ந்து, தனக்கு முன்னுள்ள புல்லைத் தொடுமுன்னரே சூடேற்றிவிடுகிறது. ஆகவே தீ, சமதரையைவிடப் பன்மடங்கு விரைவாக மேலேறும். அதனை ஓடி வெல்லுதல் அரிது. இதனையறிந்த உள்ளூர் வழிகாட்டி அப்பருவத்தில் எவரையும் அங்கு அழைத்துச் செல்லார்.

இதனால் மலையே வேண்டா என்பது, படகு கவிழ்ந்ததென்று காசிமேட்டில் கடல்தொழிலையே நிறுத்தச் சொல்வதை ஒக்கும். நம் மீனவர் காற்றறிந்து கடலேகுகின்றனர். மலைக்கும் அவ்வறிவே வேண்டும். குரங்கணிக்குப் பின் அரசு மலையேற்றத்திற்கு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளைப் பயிற்சி பெற்ற வழிகாட்டிகளுடன் திறந்தது; தீப்பருவத்தில் அவை மூடப்படுகின்றன. பாராட்டத்தக்க ஏற்பாடு. ஆனால், கட்டணம் சுமைதூக்கும் தொழிலாளியின் வீட்டுக்கு எளிதன்று. அரசுப் பள்ளி மாணவர்க்கு ஆண்டுக்கொரு பயணமேனும் கட்டணமின்றி அளித்தல் வேண்டும் என்பது என் கருத்து.

நெடுந்தொலைவும் செல்ல வேண்டுவதில்லை. எண்ணூர்க் கழிமுகத்தில் கடலைச் சேரும் கொசத்தலையாறு, திருவள்ளூர் மாவட்டத்தில் பூண்டி வழியாக வருகிறது. அப்பகுதிக் குன்றுகளில்தான் குடியம் குகைகள் உள்ளன. அதுவும் அந்த 40 பாதைகளுள் ஒன்று. அருகிலுள்ள அத்திரம்பாக்கத்தில் இராபர்ட் புரூஸ் பூட் 1863இல் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். அவ்விடத்துக் கருவிகளுள் மிகப் பழையவை ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்பதைச் சாந்தி பப்புவின் குழு 2011இல் வெளியிட்டது. சாம்பல் படிந்த கழிமுகத்தை மட்டுமே கண்ட பிள்ளை, அதே ஆற்றைத் தெளிந்த நீராகப் பார்க்கட்டும். பிறகு கழிமுகத்தைப் பற்றி அவன் எழுப்பும் வினாக்கள் வேறாக இருக்கும்.

பனிமலைக் கனவும் இங்குத் தொடங்கலாம். விருதுநகர் மாவட்டத்தில் பிறந்த முத்தமிழ்ச்செல்வி 2023 மே மாதம் எவரெஸ்ட்டை அடைந்தார். அவ்வுச்சியில் காற்றழுத்தம் நம் கடற்கரையில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்கே. அதற்கு வேண்டிய கால்வலிமையைச் சிறு குன்றுகளில் வளர்க்கத் தொடங்கலாம்.

டிசம்பரிலும் சனவரியிலும் குடியத்தில் வெயில் தணிந்திருக்கும். காலையில் புறப்பட்டால் மாலைக்குள் வீடு திரும்பலாம். தலைமையாசிரியருக்கான விண்ணப்பத்தை மாணவர்களே எழுதலாம். கடிதம் எழுதுதல் பாடத்திட்டத்திலும் இருக்கிறது.