பூட்டிய வீடும் பச்சைத் தண்ணீரும்

எங்கள் ஒழுங்கையின் கோடியில் ஒரு மாடி வீடு உண்டு. உரிமையாளர் ஐரோப்பாவில் வாழ்கிறார். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை குடும்பத்தோடு வந்து ஒரு மாதம் தங்குவார். அந்த ஒரு மாதத்துக்காகப் பின்வளவில் நீச்சல் தடாகம் ஒன்றைக் கட்டியுள்ளார். மீதி இருபத்து மூன்று மாதங்களும் அதில் நீந்துவன நுளம்புக் குடம்பிகளே.

சென்ற மாரியில் என் பேரன் டெங்குக் காய்ச்சலால் ஆறு நாட்கள் மருத்துவமனையில் கிடந்தான். அவனைக் கடித்த நுளம்பு எங்கே பிறந்தது என்பதை என்னால் நிரூபிக்க முடியாது. நாற்பது ஆண்டுகள் செய்தி எழுதியவன் நான். ஆதாரமின்றிக் குற்றஞ்சாட்டக் கூடாது என்பதை அறிவேன். ஆனால் மதிலுக்கு மேலால் நான் கண்ட பச்சை நீரையும் அதில் நெளிந்தவற்றையும் காணாதவன்போல் இருக்க என்னால் இயலாது.

அவரோடு தொலைபேசியில் பேசினேன். மூன்று பதில்கள் கூறினார். புலம்பெயர்ந்த நம்மவர் பலரும் இவற்றையே கூறுவதால் அவற்றை இங்கே ஆராய்கிறேன்.

முதலாவது: "புறப்படும்போது குளோரின் தாராளமாகப் போட்டேன்." குளோரின் வங்கியில் இட்ட வைப்புப் பணமன்று. நம் நாட்டு வெயிலில், அதைக் காக்கும் சயனூரிக் அமிலம் நீரில் இல்லையெனில், அதன் பெரும்பகுதி சில மணித்தியாலங்களில் அழிந்துவிடும். அமிலம் இருந்தாலும் அழிவு தாமதமாகுமேயன்றி நில்லாது. பீ.எச். பெறுமானம் 7.8 ஐத் தாண்டினால் எஞ்சியதும் வலுவிழக்கும். மேலே விரிப்பை மூடினாலோ, மழைநீர் அவ்விரிப்பிலேயே தேங்கும்.

இரண்டாவது: "அப்படியானால் நீரை வெளியேற்றிவிடுகிறேன்." 10 மீற்றர் நீளமும் 5 மீற்றர் அகலமும் சராசரி 1.5 மீற்றர் ஆழமும் கொண்ட தடாகத்தில் 75,000 லீற்றர் நீர் உண்டு. அயலார் கிணறுகள் வற்றும் ஊரில் அதைக் கொட்டுவது பாவம். கொட்டினாலும் அடுத்த மழை அடித்தளத்தை நிரப்பும். மாரியில் நிலத்தடி நீர் உயரும்போது வெறுந்தடாகம் வெடிக்கவும் மேலெழவும் கூடும்.

மூன்றாவது: "காவலாளி பார்த்துக்கொள்வார்." காவலாளியிடம் கொடுத்திருப்பது படலைத் திறப்பு மட்டுமே. நீரைச் சோதிக்கும் கருவி இல்லை. மின்கட்டணத்துக்குப் பணம் இல்லை. பம்பியை இயக்கும் அனுமதியும் இல்லை. ஒருவருக்குச் சாதனத்தைத் தராமல் பொறுப்பை மட்டும் தருவது ஏமாற்றாகும்.

செய்ய வேண்டியது பெரிய வித்தையன்று. பம்பியும் வடிகட்டியும் நாள்தோறும் எட்டு மணித்தியாலமளவில் இயங்க வேண்டும். குளோரின் லீற்றருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரையும், பீ.எச். 7.2 முதல் 7.8 வரையும் இருக்க வேண்டும். இலைகளை அகற்றி இவற்றைச் சோதிக்க, கூலி பெறும் ஒருவர் வாரத்துக்கு ஒருமுறையேனும் வர வேண்டும். ஏன் வாரம்? டெங்கைப் பரப்பும் நுளம்பு முட்டையிலிருந்து சிறகு பெற ஏறத்தாழ 8 முதல் 10 நாட்களே போதும். அதன் கணக்கு நம் விடுமுறைக் கணக்குக்குக் காத்திராது.

இது நம் நாட்டு நோய் மட்டுமன்று. 2007 இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், வீட்டுக் கடன் நெருக்கடியால் மக்கள் கைவிட்டுச் சென்ற வீடுகளின் தடாகங்கள் பச்சையாகின. பேக்கர்ஸ்ஃபீல்ட் பகுதியில் அவற்றில் நுளம்பு பெருகியதையும் மேற்கு நைல் வைரசுத் தொற்று அதிகரித்ததையும் ஆய்வாளர் தொடர்புபடுத்தினர். அங்கே வீட்டை இழந்தவர்கள் ஏழைகளாகிப் போனவர்கள், அவர்களை மன்னிக்கலாம். வசதியோடு வாழ்ந்துகொண்டு பூட்டி வைப்பவரை எப்படி மன்னிப்பது?

2017 இல் இலங்கையில் 186,000 க்கும் அதிகமானோர் டெங்கு நோயாளராகப் பதிவாயினர். 400 க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நுளம்புப் பெருக்கத்தைத் தடுக்கும் 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டம் வளவின் உரிமையாளர்மீதும் குடியிருப்பவர்மீதும் கடமையைச் சுமத்துகிறது. கடல் கடந்தவருக்கு அதில் விலக்கில்லை.

பிறந்த மண்ணில் ஒரு வீடு வேண்டும் என்ற ஆசையை நான் பழிக்கவில்லை. அயலவரின் பிள்ளைகள் அதற்கு விலை கொடுக்கக் கூடாது என்கிறேன். வாரக்கூலி கொடுக்க மனமில்லையெனில், தடாகத்தின் அடித்தளத்தை உடைத்து, மண்ணிட்டு நிரப்பி, நாலு தென்னை நடுங்கள். அடுத்த முறை வரும்போது இளநீராவது கிடைக்கும்.