மோட்டார் சைக்கிளுக்கு எந்த எண்ணெய்?

காலை 9 மணி. நந்தனம் சிக்னல். சிவப்பு விளக்கு எரிகிறது.

வெங்கடநாராயணா சாலைக்குத் திரும்புகிறவர்கள் ஒரு பக்கம். சேமியர்ஸ் சாலைக்குப் போகிறவர்கள் மறு பக்கம். முன்னால் பிள்ளை, பின்னால் மனைவி, பக்கத்தில் தொங்கும் சாப்பாட்டுப் பை. இப்படி வரிசை வரிசையாக மோட்டார் சைக்கிள்கள் உறுமிக்கொண்டு நிற்கின்றன.

பெட்ரோல் விலை என்ன என்று கேட்டால், இவர்கள் பைசா சுத்தமாகச் சொல்வார்கள். "என்ஜினுக்கு என்ன எண்ணெய் ஊற்றுகிறீர்கள்?" என்று கேட்டால் விழிப்பார்கள். "மெக்கானிக் ஏதோ ஊற்றினார்" என்பார்கள்.

இது சரியல்ல. வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டி, தவணையில் வாங்கிய வண்டி அது. என்ஜின் இறுகி நின்றுவிட்டால் ஆயிரக்கணக்கில் செலவு. அதுவரை வேலைக்குப் போவது எப்படி?

ஒரே எண்ணெய், மூன்று வேலை

"காருக்கு ஊற்றுகிற உயர்ந்த எண்ணெயை வண்டிக்கும் ஊற்றினால் என்ன?" என்று பலர் நினைக்கிறார்கள். கெடுதல் இங்கேதான் தொடங்குகிறது.

கியர் போட்டு ஓட்டும் பெரும்பாலான கார்களில் என்ஜினுக்கு ஓர் எண்ணெய், கியர் பெட்டிக்கு வேறு எண்ணெய். கிளட்ச் உலர்ந்தே இருக்கும். இன்றைய மோட்டார் சைக்கிள் பெரும்பாலும் அப்படி அல்ல. சிறிய வண்டியில் ஏறக்குறைய ஒரு லிட்டர் எண்ணெய்தான் இருக்கிறது. என்ஜின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் அதுவே கதி.

கிளட்ச் தகடுகள் எண்ணெயில் ஊறியபடியே ஒன்றை ஒன்று இறுகப் பிடிக்க வேண்டும். கார் எண்ணெய்கள் பலவற்றில் வழுவழுப்புக்காகத் தனி மருந்து சேர்க்கிறார்கள். காருக்கு அது நல்லது. பெட்ரோல் மிச்சமாகும். மோட்டார் சைக்கிளில் ஊற்றினாலோ, தகடு வழுக்கும். கையை முறுக்கினால் சத்தம் வரும். வண்டி நகராது. மனைவி மக்களோடு ஜெமினி மேம்பாலம் ஏறும்போது, பின்னால் பஸ் வரும்போது, இப்படி நேர்ந்தால் என்ன ஆவது?

இதற்காகவே ஜப்பான்காரர்கள் 1998-ல் ஓர் அளவுகோல் வகுத்தார்கள். டப்பாவில் "ஜாசோ எம்.ஏ." என்று அச்சிட்டிருக்கும். (இது கல்லூரிப் பட்டம் அல்ல!) எம்.ஏ.2 என்று இருந்தாலும் சரியே. கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு "எம்.பி." எண்ணெய் உண்டு. அதை மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றக்கூடாது.

கெட்டியாக இருந்தால் நல்லதா?

"சென்னை வெயிலுக்குக் கெட்டியான எண்ணெய்தான் லாயக்கு" என்று சொல்கிற மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். இது பழைய காலப் பழக்கம். 1955-ல் சென்னையில் என்பீல்டு இந்தியா கம்பெனி பிறந்தது. திருவொற்றியூரில் புல்லட் தயாரானது. அந்தப் பழைய புல்லட்டுக்குக் கெட்டி எண்ணெய் பொருத்தம். அதில் கியருக்குத் தனி எண்ணெய். இன்றைய வண்டிகளின் அமைப்பே வேறு.

டப்பாவில் 10 டபிள்யூ 30, 20 டபிள்யூ 40 என்று எண்கள் இருக்கும். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும். அதற்கு முன்னால் உள்ள எண்ணை உறைபனிக் குளிரில் சோதித்துக் கொடுக்கிறார்கள். அந்தக் குளிரைச் சென்னை கண்டதில்லை! பின்னால் உள்ள எண்தான் சூட்டுக்கு உரியது. 100 டிகிரி சூட்டில் எண்ணெய் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்று அது காட்டும். ஓடுகிற என்ஜினுக்குள் வெளி வெயிலைவிடப் பல மடங்கு சூடு. அதைக் கணக்கிட்டே தயாரிப்பாளர் எண்ணைக் குறித்திருக்கிறார். ஆகவே வண்டியோடு வந்த புத்தகத்தைப் பாருங்கள். அதில் உள்ள எண்ணையே கேட்டு வாங்குங்கள். மெக்கானிக் கோபித்தாலும் பரவாயில்லை.

"பந்தய வண்டிக்கு ஊற்றுவது" என்று விலை உயர்ந்த எண்ணெயைக் காட்டி ஆசை காட்டுவார்கள். ஆபீசுக்குப் போகிற வண்டிக்கு அது வீண் செலவு. முற்காலத்தில் பந்தய வண்டிக்கு ஆமணக்கு எண்ணெய்கூட ஊற்றினார்கள்!

ஆனால் ஒன்று. நந்தனம் போன்ற நெரிசலில் வண்டி நின்று நின்று போகிறது. காற்றினால் குளிரும் என்ஜினுக்கு, நிற்கும்போது காற்று ஏது? எண்ணெய் சீக்கிரம் கெடும். அதனால் மாற்றுகிற நாளைத் தள்ளிப்போடக் கூடாது. நடுவில் அளவையும் பார்க்க வேண்டும். நிறம் கறுத்ததைக் கண்டு மட்டும் பயப்பட வேண்டாம். அழுக்கைத் தன்னோடு இழுத்துக்கொள்வதும் எண்ணெயின் வேலைதான்.

காலி டப்பா

போலி எண்ணெய் விற்பவர்களுக்கு முதல் தேவை, நல்ல கம்பெனியின் காலி டப்பா. கண் எதிரே மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். ஊற்றி முடிந்ததும் டப்பாவில் ஓட்டை போடச் சொல்லுங்கள். முகம் சுளிக்கும் கடையை விட்டு நடையைக் கட்டுவதே மேல்.

இன்னொரு சங்கதி. 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது, பக்கத்துச் சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் வண்டிகள் முழுகின. அப்படி முழுகிய வண்டியை உடனே ஸ்டார்ட் செய்யக் கூடாது. எண்ணெய் பால் போல வெளுத்திருந்தால், உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். தள்ளிக்கொண்டே பட்டறைக்குப் போக வேண்டும். அதை வடித்துவிட்டு, புது எண்ணெய் ஊற்றிய பிறகே உதைக்க வேண்டும்.