பதிவுச் சான்றிதழும் வாட்ஸ்அப் அழைப்பும்: முதியோர் இல்லங்களின் தரத்தை யார் அளப்பது?

யாழ்ப்பாணத்தில் இன்று பல வீடுகளில் பேசப்படும், ஆனால் வெளியில் சொல்லத் தயங்கும் ஒரு கேள்வி உண்டு: அம்மாவை, அப்பாவை எந்த இல்லத்தில் விடலாம்? பிள்ளைகள் லண்டனிலும் ரொறொன்ரோவிலும் சூரிச்சிலும் இருக்கிறார்கள். பெற்றோர் கோண்டாவிலிலோ கரவெட்டியிலோ பூட்டிய அறைகள் நிறைந்த வீடொன்றில் தனித்திருக்கிறார்கள். சம்பளத்துக்கு ஆள் வைத்துப் பார்த்தாயிற்று. அது சரிவரவில்லை. அடுத்தது முதியோர் இல்லம்தான். ஆனால் எது நல்ல இல்லம் என்று யாரிடம் கேட்பது?

இந்தக் கேள்வி இனி அதிகரிக்கவே போகிறது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் 65 வயதைக் கடந்தவர்களின் பங்கு 7.9 சதவீதம். 2024 மதிப்பீட்டில் அது 12.6 சதவீதம். வடக்கில் இந்த முதுமைக்கு இன்னொரு பரிமாணமும் உண்டு. மற்ற இடங்களில் பிள்ளைகள் வேலைக்காகப் போனார்கள். இங்கே போரில் இறந்தார்கள், காணாமல் ஆக்கப்பட்டார்கள், உயிர் தப்ப நாட்டை விட்டு ஓடினார்கள். முதுமையில் தோள் கொடுக்க வேண்டிய தலைமுறையில் ஒரு பகுதியே இங்கே இல்லை.

இல்லங்கள் இருக்கின்றன. கைதடியில் அரச முதியோர் இல்லம் நீண்ட காலமாக இயங்குகிறது. சுழிபுரத்தில் சிவபூமி அறக்கட்டளை ஓர் இல்லத்தை நடத்துகிறது. மதத் துறவிகளும் தனியாரும் நடத்துபவை வேறு. இக்கட்டுரை எந்த ஓர் இல்லத்தையும் குறை சொல்ல எழுதப்படவில்லை. இல்லம் நல்லதா கெட்டதா என்று அறியும் வழி எம்மிடம் இருக்கிறதா என்பதே இங்கு கேள்வி.

சான்றிதழ் சொல்வதும் சொல்லாததும்

2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் தேசிய முதியோர் சபையையும் முதியோர் செயலகத்தையும் உருவாக்கியது. ஐந்துக்கு மேற்பட்ட முதியோரைத் தங்கவைத்துப் பராமரிக்கும் நிறுவனம் பதிவு செய்யப்பட வேண்டும் என்பதும் அதே சட்டத்தின் ஏற்பாடு. பிரதேச செயலகங்களில் முதியோர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். மாகாண மட்டத்தில் சமூக சேவைகள் திணைக்களம் இருக்கிறது. ஆக, அரச ஏற்பாடு என்று ஒன்று இல்லாமல் இல்லை.

ஆனால் பதிவு வேறு, தரம் வேறு. இந்த இல்லத்தை நடத்த அனுமதி உண்டு என்பதையே பதிவு சொல்கிறது. இரவு இரண்டு மணிக்கு ஒரு கிழவி கழிவறைக்குப் போக வேண்டுமென்று கூப்பிட்டால் யாராவது எழும்பி வருவார்களா என்பதை அது சொல்லாது. எங்கள் சனங்களோ சுவரில் தொங்கும் சான்றிதழைத் தரச் சான்றாக எடுத்துக்கொள்கிறார்கள். "அது பதிஞ்ச இடம்" என்றால் பேச்சு முடிந்துவிடும்.

அதிகாரிகள் ஓர் இல்லத்துக்குப் போய்ப் பார்த்து என்ன எழுதினார்கள் என்பதை இல்லம் தேடும் ஒரு குடும்பம் வாசித்து, இன்னொரு இல்லத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பொதுவான தரப்படுத்தல் எதுவும் இங்கே இல்லை. அதற்கு மேல், சமூக சேவை மாகாணத்துக்குரிய விடயம். வடமாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தபின் நீண்ட காலமாகத் தேர்தல் நடக்கவில்லை. இல்லங்களைப் பற்றிச் சபையில் எழுந்து கேள்வி கேட்கும் மக்கள் பிரதிநிதியும் இல்லாத காலம் அது.

நட்சத்திரம் கொடுத்த நாடுகளில் நடந்தது

அப்படியானால் மேற்கு நாடுகளைப் போல எல்லா இல்லங்களுக்கும் புள்ளி போட்டால் சரிவருமா? அங்கே என்ன நடந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் மத்திய அரசு 2008 டிசம்பரில் தாதிமைப் பராமரிப்பு இல்லங்களுக்கு ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் வழங்கத் தொடங்கியது. பரிசோதகர்களின் அறிக்கை, ஊழியர் எண்ணிக்கை, மருத்துவக் குறிகாட்டிகள் ஆகிய மூன்றுமே அதன் அடிப்படை. தொடக்கத்தில் ஊழியர் எண்ணிக்கையை இல்லங்கள் தாமாகவே அறிவித்தன. பல வருட விமர்சனங்களுக்குப் பிறகே சம்பளப் பதிவேடுகளைக் கொண்டு சரிபார்க்கும் முறை வந்தது. குடும்பத்தினர் திருப்தியாக இருக்கிறார்களா என்பதற்கு இந்த நட்சத்திரங்களில் இடமில்லை. ஓகையோ மாநிலம் தன் பங்குக்கு இல்லவாசிகளிடமும் குடும்பங்களிடமும் கருத்துக் கணிப்பு நடத்திவந்தது. அந்தக் கணிப்பை நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு 2016 இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இரண்டுக்கும் இடையிலான தொடர்பு பலவீனமானது என்று கண்டது. அதாவது, ஐந்து நட்சத்திரம் பெற்ற இல்லத்தில் இருப்பவர்கள் மனநிறைவோடு இருப்பார்கள் என்பதற்கு உத்தரவாதமில்லை.

அவுஸ்திரேலியாவில் இந்த இடைவெளி உயிர்ப் பிரச்சினையானது. அடிலெயிட் நகரின் ஓக்டென் என்ற இடத்தில், மறதி நோயும் மனநல பாதிப்பும் உள்ள முதியோருக்கான நிலையம் ஒன்றை மாநில அரசே நடத்தியது. 2016 ஆரம்பத்தில் தரப் பரிசோதனையில் அது 44 தரநிலைகளிலும் சித்தியடைந்தது. ஏறத்தாழ அதே நாட்களில் அங்கிருந்து வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்ட ஒரு முதியவரின் உடலில் கண்டல் காயங்கள் இருந்தன. அவருக்கு அளவுக்கு மிஞ்சி மருந்து கொடுக்கப்பட்டிருந்ததும் தெரியவந்தது. அவருடைய குடும்பம் விடாமல் முறையிட்டது. 2017 இல் மாநிலத்தின் தலைமை மனநல மருத்துவர் அறிக்கை வெளியிட்டார். நிலையம் மூடப்பட்டது. 2018 இல் முதியோர் பராமரிப்புத் துறை முழுவதையும் விசாரிக்க அரச ஆணைக்குழு அமைக்கப்பட்டதற்கு இச்சம்பவம் ஒரு முக்கிய காரணம். 44 பெட்டிகளிலும் 'சரி' போட்ட பரிசோதகர் பார்க்காததை ஒரு குடும்பம் பார்த்தது.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 626 நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்கள் இருந்தன. அவற்றுள் ஒன்பதுக்கு மட்டுமே 2019 இல் முழுமையான பரிசோதனை நடந்தது. அடுத்த வருடம் கொரோனா வந்தது. உதவிக்கு அனுப்பப்பட்ட கனடிய இராணுவம் ஐந்து இல்லங்களைப் பற்றி 2020 மே மாதத்தில் கொடுத்த அறிக்கை நாட்டையே உலுக்கியது. கரப்பான் பூச்சிகள், மாற்றப்படாத அணையாடைகள், கூப்பிட்டும் யாரும் வராத முதியவர்கள். அந்த ஐந்தில் ஒன்று எம்மவர்கள் செறிந்து வாழும் ஸ்காபரோவில் இருந்தது. அந்த மாதங்களில் குடும்பங்கள் உள்ளே போக அனுமதிக்கப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வெளியாள் எவரும் வராத இல்லத்துக்குள் நடந்தது வெளியே தெரிய இராணுவம் போகவேண்டியிருந்தது.

அப்படியானால் குடும்பத்தின் திருப்திதான் சரியான அளவுகோலா?

ஓக்டென் கதையைக் கேட்டால் அப்படித்தான் தோன்றும். ஆனால் அந்தக் குடும்பம் அதே ஊரில் இருந்தது. நேரில் போனது, உடலைப் பார்த்தது, வைத்தியரோடு பேசியது. எங்கள் குடும்பங்களின் நிலை வேறு.

முதலாவது, தூரம். பிள்ளை பார்ப்பது வாட்ஸ்அப் திரையில் தெரியும் முகத்தை. அழைப்பு வரும் நேரம் இல்லத்துக்குத் தெரியும். அம்மாவை முகம் கழுவி, தலை இழுத்து, கதிரையில் இருத்தித் தொலைபேசியைக் கையில் கொடுப்பார்கள். அருகில் ஒரு பணியாளர் நிற்பார். படுக்கைப் புண் திரையில் தெரியாது. அறையின் மணம் திரையில் வராது.

இரண்டாவது, பெற்றோரின் மௌனம். "நான் சுகமாய் இருக்கிறன், நீ யோசிக்காத" என்று சொல்லியே பழகிய தலைமுறை அது. ஷெல்லடிக்குள் பதுங்குகுழியில் இருந்தபோதும் வெளிநாட்டுப் பிள்ளைக்கு அப்படித்தான் கடிதம் எழுதியது. இப்போது சோறு அவியாமல் இருந்தது என்றா சொல்லப் போகிறது? முறையிட்டால் தன்னை வேறுவிதமாக நடத்துவார்களோ என்ற பயமும் உள்ளே இருக்கும்.

மூன்றாவது, பிள்ளையின் குற்றவுணர்வு. பெற்றோரை இல்லத்தில் விட்டவரை ஊர் ஒருவிதமாகப் பார்க்கிறது. ஆகவே தான் எடுத்த முடிவு சரியானது என்று நம்ப வேண்டிய தேவை அவருக்கு இருக்கிறது. திருப்தியாக இருக்கிறீர்களா என்று கேட்டால் ஆம் என்பார். அது பொய்யல்ல. ஆனால் அந்த 'ஆம்' இல்லத்தைப் பற்றியதா, அவருடைய மன ஆறுதலைப் பற்றியதா என்று பிரித்தறிய முடியாது.

நான்காவது, குடும்பமே இல்லாதவர்கள். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 அன்று தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளின் போராட்டத்தில் இருந்த தாய்மார், தந்தையர் பலர் பிள்ளைக்கு என்ன நடந்தது என்று அறியாமலே இறந்துபோனார்கள். மிஞ்சியவர்களும் முதுமையின் கடைசிப் படியில் நிற்கிறார்கள். இவர்களைப் போன்ற ஒருவர் நாளை இல்லத்துக்கு வந்தால் யாருடைய திருப்தியைக் கேட்பது? குடும்பத்தின் திருப்தியை மட்டும் அளவுகோலாக வைத்தால், போர் யாருடைய குடும்பத்தை அழித்ததோ அவரே கணக்கில் வராமல் போவார்.

மூன்றாவது ஓர் அளவுகோல்

யாழ்ப்பாணத்தில் இவை இரண்டையும் விட வலுவாக இயங்கும் இன்னொரு அளவுகோல் இருக்கிறது. அது கொடையாளரின் திருப்தி. பிறந்தநாள், திருமண நாள், திவசம் என்று புலம்பெயர்ந்த உறவுகள் இல்லங்களுக்குச் சாப்பாட்டுக்குக் காசு அனுப்புகிறார்கள். வாழையிலையும் பாயாசமும் வரிசையாக அமர்ந்த முதியவர்களும் படமாக வருகின்றன. கொடுப்பவரின் மனம் நல்ல மனம். அந்தக் காசு இல்லாமல் பல இல்லங்கள் இயங்கவும் முடியாது.

ஆனால் படத்தில் வரக்கூடியவற்றுக்கே காசு வருகிறது. இரவுப் பணியாளரின் சம்பளத்துக்கு யாரும் பிறந்தநாள் கொண்டாடுவதில்லை. அணையாடை, படுக்கைப் புண்ணுக்கான மெத்தை, கழிவறையில் பிடித்து நடக்கும் கம்பி எதுவும் படத்துக்கு அழகில்லை. சீனி வருத்தம் உள்ள ஒருவர் மாதத்தில் எத்தனை பாயாசம் சாப்பிடுகிறார் என்று கணக்கு வைப்பது யார்? இதற்கிடையில், பராமரிப்பாளர் பயிற்சி முடித்துத் தொழில் தகைமைச் சான்றிதழ் பெறுவோரில் பலர் இஸ்ரேல் போன்ற நாடுகளுக்குப் போகிறார்கள். எங்கள் இல்லங்கள் கொடுக்கக்கூடிய சம்பளத்துக்குப் பயிற்சி பெற்ற ஒருவரைப் பிடித்து வைத்திருப்பது கடினம்.

இருப்பவரிடம் கேட்பது

அதிகாரி கடதாசியைப் பார்க்கிறார். பிள்ளை திரையைப் பார்க்கிறார். கொடையாளர் படத்தைப் பார்க்கிறார். அங்கே ஒவ்வொரு இரவும் படுத்தெழும்புபவரிடம் யாரும் முறையாகக் கேட்பதில்லை.

அவுஸ்திரேலியா 2022 டிசம்பரில் தொடங்கிய நட்சத்திர முறையில் இந்தப் பாடத்தைச் சேர்த்துக்கொண்டது. அங்கே மொத்தப் புள்ளியில் 33 சதவீதம் இல்லவாசிகளின் அனுபவத்துக்கு. இல்லத்தைச் சாராதவர்கள் வந்து அவர்களை நேரில் செவ்வி காண்கிறார்கள். விதிகளைப் பின்பற்றியதற்கு 30, ஊழியர் அளவுக்கு 22, மருத்துவக் குறிகாட்டிகளுக்கு 15. அந்த முறையும் குறையற்றதல்ல. ஆனால் இருப்பவரின் சொல்லுக்கே அதில் அதிக எடை.

இங்கே அதைச் செய்யப் பெரிய காசு தேவையில்லை. கிராமங்கள் தோறும் முதியோர் சங்கங்கள் இருக்கின்றன. இல்லத்தோடு தொடர்பில்லாத இருவரை, ஓய்வுபெற்ற ஒரு தாதியையும் ஓர் ஆசிரியரையும் என்று வைத்துக்கொள்வோம், மாதம் ஒருமுறை முன்னறிவித்தல் இன்றி அனுப்பலாம். பணியாளர் பக்கத்தில் இல்லாமல் முதியவர்களோடு பேச அவர்களுக்கு அனுமதி வேண்டும். குடும்பம் இல்லாத ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லிப் போய்ப் பார்க்கும் ஒருவரைப் பிரதேச செயலகம் நியமிக்கலாம். மறதி நோயால் பேச முடியாதவர்களுக்கு உடலே சாட்சி: மாதாந்த நிறை, படுக்கைப் புண், விழுந்த தடவைகள், வைத்தியசாலைக்குப் போன தடவைகள். இந்த நான்கு எண்களும் இரவில் எத்தனை பேர் பணியில் என்ற எண்ணும் ஒரு தாளில் அடங்கும். அந்தத் தாளை இல்ல வாசலிலும் பிரதேச செயலக அறிவித்தற் பலகையிலும் தமிழில் ஒட்டலாம்.

இதற்கு ஓர் எதிர்வாதம் உண்டு. அறப்பணியாக நடத்தும் சிறிய இல்லங்கள் இந்தக் கண்காணிப்புக்குப் பயந்து மூடிவிட்டால் அந்த முதியவர்கள் எங்கே போவார்கள்? நியாயமான அச்சம். அதனால்தான் இது தண்டிக்கும் பட்டியலாக இருக்கக்கூடாது. இரவுப் பணியாளர் இல்லை என்று தாள் காட்டினால், அடுத்த பிறந்தநாள் காசு அந்தச் சம்பளத்துக்குப் போகவேண்டும் என்பதைக் கொடையாளருக்கு அது சொல்லும். குறையை மறைக்கும் இல்லத்தை விட, குறையை எழுதி ஒட்டும் இல்லத்துக்கு உதவி கூடும் என்ற நிலை வந்தால் பயம் குறையும்.

அதுவரை வெளிநாட்டில் இருப்பவர்கள் செய்யக்கூடியவையும் உண்டு. வழமையான நேரத்தில் அல்லாமல் வேறு நேரத்தில் அழையுங்கள். "சுகமோ" என்று மட்டும் கேட்காமல், நேற்றிரவு என்ன சாப்பாடு, யார் தந்தது, எத்தனை மணிக்குப் படுத்தீர்கள் என்று கேளுங்கள். மாதாந்த நிறையை எழுதி அனுப்பச் சொல்லுங்கள். ஊரில் உள்ள மச்சானையோ பெறாமகளையோ பின்னேரச் சாப்பாட்டு நேரத்தில் சொல்லாமல் போய்வரச் சொல்லுங்கள். போகிறவர், அதே அறையில் யாருமே வந்து பார்க்காத ஓர் அம்மா இருந்தால் அவரோடும் ஐந்து நிமிடம் பேசிவிட்டு வரட்டும். இப்போதைக்கு அவருக்கு இருக்கும் ஒரே பரிசோதகர் அப்படி வந்துபோகிறவர்தான்.