மனத்தையும் கேட்டறிவோம்

கருவுற்ற பெண்ணைப் பரிசோதனைக்கு அழைத்துவரும் குடும்பத்தார் எடை, இரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டறிகின்றனர். சில வாரங்களாக அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டதையும், எதிலும் நாட்டமின்றி இருப்பதையும் மட்டும் எங்களிடம் சொல்வதில்லை. மசக்கை என்று விட்டுவிடுகின்றனர். வளரும் நாடுகளில் கருவுற்ற பெண்களுள் 15.6 விழுக்காட்டினர் மனநலக் கோளாறுக்கு, பெரும்பாலும் மனச்சோர்வுக்கு, ஆளாவதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. கவனியாது விட்டால் தாயின் உணவு குறையும், பரிசோதனைகள் தவறும். குறைமாதப் பிறப்புக்கும் எடை குறைந்த குழந்தைக்கும் வாய்ப்பு கூடும்.

இது ஊர்விட்டு ஊர் வந்தவர்களுக்கே உரிய துன்பம் என்றொரு எண்ணம் உண்டு. நம் மாவட்டத்தில் அத்தகையோர் பலர். 1983-க்குப் பின் இலங்கையிலிருந்து வந்தோரின் குடும்பங்கள் தாப்பாத்தி போன்ற முகாம்களில் வாழ்கின்றன. வேலை தேடி வந்த கணவருடன் வடமாநிலங்களிலிருந்து குடியேறிய இளம்பெண்களும் இருக்கின்றனர். பேறுகாலத்துக்குச் செல்லத் தாய்வீடு அருகில் இல்லாதவர்கள் இவர்கள். இவர்களது சுமை பெரிது என்பதில் ஐயமில்லை. ஆனால் உறவினர் சூழ வாழும் உள்ளூர்ப் பெண்ணுக்கு என்ன குறை என்று கேட்பதை நாங்கள் ஏற்பதற்கில்லை.

வேலூர் மாவட்டக் கிராமப் பெண்களிடம் நடத்தி 2002-இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், மகப்பேற்றுக்குப் பின் 11 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு புதிதாக ஏற்பட்டிருந்தது. வறுமை, மகனை எதிர்பார்த்த வீட்டில் மகள் பிறந்தது, மாமியாருடனோ பெற்றோருடனோ பிணக்கு, கைவேலைக்குத் துணையின்மை ஆகியவை அதனுடன் தொடர்புடையனவாகக் காணப்பட்டன. இவை யாவும் சொந்த ஊரில், சொந்த வீட்டில் நேர்பவை. கணவர் தோணியில் மாலத்தீவு சென்றிருக்கையில் புகுந்த வீட்டில் வாய்திறவாது இருக்கும் பெண்ணும், மனத்தின் சோர்வை உப்பளத்து வெயிலின் களைப்பென்று சொல்லிக்கொள்ளும் பெண்ணும் நம் ஊரார்தாமே?

கேட்கும் முறையிலும் கவனம் வேண்டும். இலங்கைத் தமிழர் பேச்சில் 'வருத்தம்' என்றால் நோய். "வருத்தமாக இருக்கிறதா?" என்று நாம் கேட்டால், காய்ச்சலோ இருமலோ இல்லாதவர் "இல்லை" என்றே விடை தருவார். மனத்துயரை அவர் 'கவலை' என்பார். ஒரே மொழி என்ற நம்பிக்கையே நம்மை ஏமாற்றிவிடும். இந்தியோ ஒடியாவோ பேசும் பெண்ணுக்குக் கணவர் மொழிபெயர்ப்பதும் சரியான வழியன்று. துயரின் காரணம் அவராகவே இருந்தால் என் செய்வது? உள்ளூர்ப் பெண்ணுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. எனினும் அவர் வாய் திறக்குமுன் மாமியாரே விடை கூறிவிடுகிறார்.

1987-இல் வெளியான எடின்பரோ வினாத்தாளில் 10 வினாக்கள் உள்ளன; தமிழிலும் அது கிடைக்கிறது. களைப்பு, பசியின்மை போன்றவை கருவுற்ற எவருக்கும் வரக்கூடும் என்பதால் அவற்றை விடுத்து, கடந்த 7 நாள்களின் மனநிலையையே அது கேட்கிறது. கருவுற்றோர் அனைவருக்கும், பிறந்த ஊர் பாராமல், இரத்தப் பரிசோதனைபோல் இதுவும் வழக்கமாதல் வேண்டும் என்பது எங்கள் கருத்து.

துயரமோ நாட்டமின்மையோ இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் எங்களிடம் சொல்லுங்கள். இலேசான நிலைக்கு ஆற்றுப்படுத்தும் உரையாடலே போதுமானதாக இருக்கலாம். கடுமையானால், கருக்காலத்திலும் தரத்தக்க மருந்துகள் உண்டு. முன்பே மாத்திரை உட்கொள்வோர், கருவுற்றதை அறிந்ததும் தாமாக நிறுத்திவிடலாகாது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் ஒருநாளும் காத்திருக்க வேண்டாம்; உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். டெலி மானஸ் எண் 14416-இல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலும் பிற இந்திய மொழிகளிலும் பேசலாம்.

உடன் வருவோரிடம் ஒரு வேண்டுகோள். பரிசோதனையின்போது ஐந்து நிமிடம் வெளியே இருக்கச் சொன்னால், அதை அவமதிப்பாகக் கொள்ளாதீர்கள். எல்லாக் குடும்பத்தாரிடமும் நாங்கள் அவ்வாறே கேட்டுக்கொள்கிறோம்.