புதிய பீமும் பழைய தூணும்: நிர்வாகங்கள் கேட்காத கேள்வி

பள்ளிவாசலோ, மத்ரஸாவோ, பாடசாலையோ, இடம் போதவில்லை என்றால் நமது ஊர்களில் எடுக்கப்படும் முடிவு ஒன்றுதான்: இருக்கும் கட்டிடத்தோடு சேர்த்துக் கட்டுவது. தனவந்தர்கள் உதவுகிறார்கள், வேலை தொடங்குகிறது. ஆனால் புதிய பீம் பழைய தூணோடு எப்படி இணைக்கப்படுகிறது என்று எவரும் கேட்பதில்லை.

நான் முன்னர் கற்பித்த பாடசாலையொன்றில் வகுப்பறையை அகலமாக்கினார்கள். பழைய தூணைக் கொத்தி, வெளியே தெரிந்த கம்பியோடு புதிய பீமின் கம்பிகளைக் கட்டுக்கம்பியால் கட்டி கொங்கிரீட் போட்டார்கள். இரண்டாவது மழைக்காலத்தில் இணைப்பில் வெடிப்பு விழுந்தது. அதன்மேல் பூசி வர்ணம் அடித்தார்கள். பிள்ளைகள் அதன் கீழேயே இருந்து படித்தார்கள். ஆசிரியர் கலாசாலையில் பயின்ற எனக்குக் கட்டிடம் பற்றி என்ன தெரியும் என்று மௌனமாக இருந்துவிட்டேன். அது எனது தவறு.

பின்னர் பொறியியலாளர்களிடம் கேட்டு அறிந்துகொண்டேன். புதிய கொங்கிரீட் காயும்போது சுருங்கும். பழைய தூணின் வழுவழுப்பான முகத்தை அது தானாகப் பற்றிக்கொள்ளாது. எனவே அந்த முகத்தைக் கரடாக்க வேண்டும். உள்ளே இருக்கும் கம்பி வெட்டுப்படாமல் தூணில் துளையிட்டு, தூசியை முற்றாக அகற்றி, எபொக்சி பசையிட்டு, கணக்கிட்ட ஆழத்துக்குக் கம்பியைச் செருகி, பசை இறுகும்வரை காத்திருக்க வேண்டும்.

அதற்கும் முந்திய கேள்வி, அந்தத் தூணும் அத்திவாரமும் கூடுதல் பாரத்தைத் தாங்குமா என்பது. தாங்காது என்றால் தூணைச் சுற்றிக் கம்பி கட்டிப் பருமனாக்கலாம். அத்திவாரமே போதாதென்றால் அதையும் பலப்படுத்த வேண்டும், அல்லது தனி அத்திவாரத்தில் புதிய தூண் எழுப்ப வேண்டும்.

பங்களாதேஷின் ரானா பிளாஸா 2013 ஏப்ரல் 24இல் இடிந்து 1,134 பேர் உயிரிழந்தனர். அங்கும் அனுமதியின்றி மேல்மாடிகள் ஏற்றப்பட்டிருந்தன. முதல் நாளே வெடிப்புகள் தெரிந்தும் தொழிலாளர்கள் மறுநாள் உள்ளே அனுப்பப்பட்டார்கள்.

மேசன் பாஸை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. வரைபடம் கொடுக்காமல் வேலையைக் கொடுப்பவர்கள் நாம்தான். டைல்ஸுக்கும் பெயர்ப்பலகைக்கும் பணம் இருக்கிறது. பொறியியலாளருக்குக் கொடுக்கும் கட்டணம் மட்டும் வீண்செலவாகத் தெரிகிறது.

நிர்வாகங்களிடம் நான் கேட்பது மூன்று விடயங்கள். வேலைக்கு முன் தகுதியான பொறியியலாளரின் எழுத்து மூலமான அறிக்கை. உள்ளூராட்சி சபையின் அனுமதி. பூச்சு வேலைக்கு முன் ஒவ்வோர் இணைப்பையும் படம் எடுத்துக் கோப்பில் வைத்தல். நன்கொடை கொடுப்பவர்களும் அந்தக் கோப்பைப் பார்த்த பின்னரே அடுத்த தவணையைக் கொடுக்கட்டும். பொதுப்பணம் மட்டுமல்ல, அந்தக் கூரையின் கீழ் இருக்கும் உயிர்களும் நம்மிடம் உள்ள அமானிதமே.