கைச்சாத்து நம்முடையது, கணக்கு யாருடையது?

ஆண்டுதோறும் நவம்பர் 30ஆந் திகதி நெருங்க நெருங்க நம் பட்டினங்களிலே ஒரு காட்சி அரங்கேறுகின்றது. ஆசிரியர், வைத்தியர், பொறியியலாளர், வணிகர் என்று கற்றறிந்த பெருமக்கள் ஒரு தரகரின் மேசை முன்னே வரிசையாய் நிற்கின்றனர். வருமான வரி விபரத்திரட்டிலே எவ்விடத்திற் கைச்சாத்திட வேண்டுமென்று அவர் விரலாற் சுட்டுகின்றார், இவர்கள் இடுகின்றனர். மேலே எழுதியிருப்பது யாதென்று கேட்பாரில்லை. வெறும் படிவத்திற் கைச்சாத்திட்டு, "மிச்சத்தை நீங்களே பார்த்து நிரப்பிவிடுங்கள், ஐயா" என்று சொல்லி விரைவோரும் உளர். இணையவழி வந்தபின்னர் அந்தச் சிரமமுமில்லை. இரகசியச் சொல்லையே அவர் கையில் ஒப்படைத்துவிட்டு வீடு திரும்புகின்றனர்.

இவர்கள் யாருடைய பிள்ளைகள்? 1961ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணக் கச்சேரி வாயிலில் வெயிலிலும் பனியிலும் அமர்ந்து அறப்போர் புரிந்தார்களே, அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே! அன்று அவர்கள் கேட்டது யாது? அரசாங்கத்தோடு தமிழன் தன் அலுவலைத் தன் மொழியிலே ஆற்றவேண்டும் என்பதன்றோ? 1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்ததும், 1958ஆம் ஆண்டின் தமிழ்மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம் ஏட்டளவில் நின்றுவிடுவதைக் கண்டு கொதித்ததும் அதற்காகவே. 1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியென்றது. 1988இல் 16ஆம் திருத்தம் நிருவாக மொழி பற்றிய உறுப்புரையை விரித்தெழுதியது. இத்தீவின் எப்பகுதியில் வாழினும் அரசாங்க உத்தியோகத்தரோடு தமிழிலே கடிதத் தொடர்பு கொள்ளும் உரிமை இன்று அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையில் இருக்கின்றது. போராடிப் பெற்ற அந்த உரிமையைத் தரகரின் மேசையிலே அடகு வைப்பதற்கு நமக்கு அதிகாரம் தந்தவர் யார்?

வருமான வரி இந்நாட்டிற்கு 1932ஆம் ஆண்டிலே வந்தது. அந்நாளில் அது ஆங்கிலம் கற்ற ஒரு சிறு கூட்டத்தாரின் விவகாரம். இன்று நிலைமை வேறு. பதினெட்டு வயது நிறைந்தோர் வரி அடையாள இலக்கம் பெறவேண்டுமென்று ஆணை பிறந்துவிட்டது. சிறு சேமிப்பொன்றை வங்கியில் வைத்து வட்டியால் வாழும் கைம்பெண்ணும் இறைவரிச் சட்டத்தின் கைக்கு எட்டும் தூரத்தில் நிற்கின்றாள். ஆயினும் நம்மவர் மனத்தில் வரிப்படிவம் இன்னும் வெள்ளைக்காரத் துரையின் காகிதமாகவே இருக்கின்றது!

"அரசாங்கம் நமக்கு என்ன செய்தது? அதன் படிவத்தைச் செவ்வனே நிரப்பி நாம் காணப்போவதென்ன?" என்று கேட்போர் உளர். கேள்வியின் முதற்பாதி நியாயமானது, பிற்பாதி பேதைமை. கடையிலே சவர்க்காரம் வாங்கும் கூலித் தொழிலாளியிடம் 18 வீதப் பெறுமதி சேர் வரியை அறவிடும்போது, "உன் வருவாய் எவ்வளவு?" என்று எவரும் வினவுவதில்லை. வருமான வரியிலேதான் அரசு குடிமகனை நோக்கி, "உன் கணக்கை நீயே சொல்" என்கின்றது. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உண்ணாட்டரசிறைச் சட்டம் சுயமதிப்பீட்டையே அடிப்படையாகக் கொண்டது. பேச வாய்ப்பளிக்கப்பட்ட அவ்வொரே இடத்தில் ஊமையாய் நிற்பவன், அரசாங்கத்தை எதிர்த்தவனாக மாட்டான். தன் பணத்தைத் தானே அதன் பெட்டியில் இட்டவனாவான்.

ஐயமிருப்பின், நம்மவர் செய்யும் தவறுகளை ஒவ்வொன்றாய் எடுத்து நோக்குவோம்.

முதலாவது, வட்டி. 2025 ஏப்ரல் 1ஆந் திகதி முதல் வங்கி வைப்பின் வட்டியிலிருந்து 10 வீதம் வரியாகப் பிடித்து வைக்கப்படுகின்றது. அதற்கு முன்னர் அது 5 வீதம். ஓர் உதாரணம் கூறுவோம். அம்மையார் ஒருவர் 20 இலட்சம் ரூபாவை 8 வீத வட்டிக்கு நிலையான வைப்பிலிட்டிருக்கின்றார் எனக் கொள்வோம். ஆண்டு வட்டி 160,000 ரூபா. அதில் 16,000 ரூபாவை வங்கி கழித்துவிடும். ஆனால் 2025 ஏப்ரல் முதல் ஆண்டொன்றுக்கு 18 இலட்சம் ரூபா வரையான வருமானத்துக்கு வரியே இல்லை! வரி அடையாள இலக்கத்தோடு ஒரு சுய வெளிப்படுத்துகைப் படிவத்தை நிரப்பி வங்கியிற் கொடுத்தால் அந்த 16,000 ரூபாவும் அவருடையது. கொடுக்கத் தவறினாலும் விபரத்திரட்டைச் சமர்ப்பித்து மீளக் கேட்கலாம். இரண்டையும் செய்யாதவர் ஆண்டுதோறும் அரசுக்குத் தானம் செய்கின்றார். ஒரு முறை கொடுத்தது என்றைக்கும் போதுமென்று எண்ணுதலும் தவறு. ஒவ்வொரு மதிப்பீட்டாண்டுக்கும் அதனைப் புதிதாய்க் கொடுத்தல் வேண்டும்.

இரண்டாவது, ஓய்வூதியம். இளைப்பாறிய அரசாங்க ஊழியர் பலர் தம் ஓய்வூதியத்தையும் வட்டியையும் கூட்டிப் பார்த்து, எல்லை கடந்துவிட்டோமென்று அஞ்சி வாளாவிருக்கின்றனர். அரசாங்க ஓய்வூதியம் வரிக்கு உட்பட்டதன்று. அதனை இந்தக் கூட்டலிற் சேர்க்க வேண்டியதேயில்லை.

மூன்றாவது, கழித்த வரியைக் கணக்கிற் காட்டும் முறை. வட்டியிலே வரி போக மிஞ்சிக் கைக்கு வந்த தொகையை மட்டும் வருமானமென்று எழுதுவோர் பலர். முழு வட்டியையும் வருமானமாக எழுதி, பிடித்த வரியைச் செலுத்திய வரியாகக் கழிப்பதே முறை. அதற்கு வங்கியின் சான்றிதழ் வேண்டும். சம்பளத்துக்குத் தொழில்தருநர் வழங்கும் வரிக்கழிவுச் சான்றிதழ் வேண்டும். கூட்டுக் கணக்காயின் அவரவர் பங்கை அவரவர் காட்டவேண்டும். வீட்டு வாடகை பெறுவோருக்கு அவ்வாடகையில் 25 வீத நிவாரணம் உண்டு. அதனை மறந்து முழு வாடகைக்கும் வரி கட்டுவோரும் உளர்.

நான்காவது, ஆண்டு. மதிப்பீட்டாண்டு ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடிவது. சனவரி முதல் திசெம்பர் வரை கணக்கெழுதினால் மொத்தக் கணக்கும் பிழையாகும். இதனினும் பெரிய மயக்கம் ஆண்டுக்கு ஆண்டு மாறும் எல்லையாற் பிறப்பது. 2020இலே 30 இலட்சமாயிருந்த வரியிலா எல்லை, 2023 சனவரியிலே 12 இலட்சமாயிற்று. 2025 ஏப்ரலிலே 18 இலட்சமாயிற்று. பழைய ஆண்டின் விபரத்திரட்டைப் பிந்தி நிரப்புபவர் இன்றைய எல்லையை அதில் எழுதினால் அது செல்லாது. ஆட்சியாளரின் தடுமாற்றத்துக்குக் குடிமக்கள் தண்டம் செலுத்துவது இந்நாட்டின் வழக்கமன்றோ!

ஐந்தாவது, திகதி. விபரத்திரட்டுக்கு நவம்பர் 30 என்பதைப் பலரும் அறிவர். வரியைச் செலுத்தி முடிக்கும் நாள் அதற்கு முன்னரே, செத்தெம்பர் 30இலே, கடந்துவிடுகின்றதென்பதைச் சிலரே அறிவர். சம்பளத்துக்கு அப்பால் தனியார் வகுப்பு, வைத்திய ஆலோசனை, வாடகை என்று வருவாய் உடையோர் ஓகஸ்ட், நவம்பர், பெப்ரவரி, மே மாதங்களின் 15ஆந் திகதிகளிலே தவணையாகவும் செலுத்தவேண்டும். "சம்பளத்திலே பிடித்துவிட்டார்கள்; என் கடமை முடிந்தது" என்று எண்ணும் ஆசிரியர், மாலை வகுப்பு வருவாயை மறந்துவிடுகின்றார். திணைக்களம் மறப்பதில்லை. விபரத்திரட்டைப் பிந்திச் சமர்ப்பிப்போருக்குச் சட்டம் விதிக்கும் தண்டம் 400,000 ரூபா வரை ஏறக்கூடியது.

ஆறாவது, பெயரும் சொத்தும். நம்மவர்க்குக் குடும்பப் பெயரென்று ஒன்றில்லை. தந்தையின் பெயரே முன்னிற்கும். அடையாள அட்டையில் ஒரு விதமாகவும், வங்கியில் ஒரு விதமாகவும், வரிப்பதிவில் இன்னொரு விதமாகவும் ஒரே மனிதரின் பெயர் ஆங்கில எழுத்திலே அலைகின்றது. பின்னர் வங்கி பிடித்த வரி யாருடைய கணக்கிற் சேர்ந்ததென்று தேடவேண்டியிருக்கின்றது. பெயரையும் இலக்கத்தையும் மூன்றிடத்திலும் ஒத்துப்பாருங்கள். சொத்து விபரத்திலும் எச்சரிக்கை வேண்டும். சீதனமாய் வந்த காணி, தாயின் நகை, கனடாவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ பிள்ளை அனுப்பிய பணம் ஆகியன தேடிய வருமானமல்ல என்பது உண்மையே. அதற்காக அவற்றை மறைத்துவிட்டுப் பின்னர் வீடு கட்டினால், "பணம் எங்கிருந்து வந்தது?" என்ற கேள்விக்கு மறுமொழி இராது. உள்ளதைக் காட்டுங்கள், அதற்குரிய வங்கிக் கடிதத்தைப் பத்திரப்படுத்துங்கள்.

இவை யாவும் ஒரு மாலைப்பொழுதிலே கற்றுக்கொள்ளத்தக்கவை. தோம்பையும் உறுதியையும் வரி வரியாய் ஆராய்ந்து, வேலிக்கு அரையடி நிலத்துக்காக நீதிமன்றப் படியேறும் நம்மவருக்கு இவை விளங்கா என்று கூறுதல் நகைப்புக்குரியது. விளங்காததல்ல குறை; விளங்கிக்கொள்ள விரும்பாததே குறை. தரகரை நாம் பழிக்கவில்லை. தேர்ந்த கணக்காளரின் துணையை நாடுவதும் குற்றமன்று. ஆனால் பிழை நேர்ந்தால் கேள்வி வருவது கைச்சாத்திட்டவரிடமேயன்றி நிரப்பியவரிடம் அன்று. படித்துப் பாராமற் கைச்சாத்திடுதலே அடிமைப் புத்தி.

குற்றம் நம்மவரிடம் மட்டுமா? அன்று. சட்டங்களின் இறுதியிலே வழக்கமாய் ஒரு பிரிவு நிற்கின்றது: சிங்கள உரைக்கும் தமிழ் உரைக்கும் முரண்பாடு தோன்றின் சிங்கள உரையே மேலோங்கும் என்பது. வரி கேட்கும்போது இரு மொழியும் சமம். பொருள் கொள்ளும்போது ஒன்று தாழ்வு! தமிழ்ப் பணத்துக்குச் சிங்களப் பணத்தைவிடக் குறைந்த மதிப்பென்று எந்த வங்கியாவது கூறியதுண்டா? இந்த அநீதியைப் பற்றி மேடைகளிலே முழங்கும் நம் பாராளுமன்ற உறுப்பினர்களை ஒன்று கேட்கின்றோம். வரிப்படிவத்தின் தமிழ் வடிவத்தை உங்களில் எத்தனை பேர் ஒருமுறையேனும் படித்துப் பார்த்தீர்கள்? உங்கள் சொந்த விபரத்திரட்டை எம்மொழியில் நிரப்பினீர்கள்? அலுவலகங்களிலே தமிழ் கேட்பாரற்றுக் கிடந்தால், "கேட்பவரே இல்லை" என்று கூறித் தமிழ் உத்தியோகத்தரின் இடத்தை வெறுமையாக விடுவது ஆட்சியாளருக்கு எளிதாகிவிடாதா?

பிழை நேர்ந்துவிட்டதா? அஞ்சவேண்டாம். தவறைத் தாமே கண்டவர், திணைக்களம் கண்டுபிடிக்கும் வரை காத்திராது, திருத்திய விபரத்திரட்டைச் சமர்ப்பிக்கட்டும். மதிப்பீட்டு அறிவித்தல் வந்தால் அதனை மேசை இழுப்பறையில் மறைத்து வைத்தல் ஆகாது. உடன்பாடில்லையெனில் 30 நாட்களுக்குள் மீளாய்வு கோரவேண்டும். அதன் பின்னர் வரி மேன்முறையீட்டு ஆணைக்குழு இருக்கின்றது. கடிதத்தைத் தமிழிலே எழுதுங்கள். தமிழிலே மறுமொழி கேளுங்கள். பிறமொழியில் வந்தால் 22ஆம் உறுப்புரையைச் சுட்டித் திருப்பிக் கேளுங்கள். ஒருவர் கேட்டால் அது முறைப்பாடு. ஊரே கேட்டால் அது நிருவாகம்.

சனசமூக நிலையங்களுக்கும் வாசிகசாலைகளுக்கும் ஒரு வேண்டுகோள். வரும் ஒக்டோபர் மாதத்திலே ஒரு ஞாயிறு மாலையை இதற்கென ஒதுக்குங்கள். ஊரிலுள்ள இளைப்பாறிய எழுதுவினைஞர், வணிக ஆசிரியர், கணக்கியல் மாணவர் ஆகியோரை அழையுங்கள். படிவத்தின் தமிழ்ப் பிரதியை மேசையில் வையுங்கள். வட்டிக்கு வாழும் முதியோருக்கு நிரப்பிக் கொடாதீர்கள், நிரப்பக் கற்றுக்கொடுங்கள். அன்று கச்சேரி வாயிலில் அமர்ந்தவர்கள் திறக்கச் சொன்ன கதவு பாதி திறந்திருக்கின்றது. உள்ளே சென்று, நம் கணக்கை நம் மொழியில் நாமே எழுதிக் கைச்சாத்திடுவோமாக.